பெற்றோருக்குக் கிடைத்த இடம்

ஒன்பதாம் மாடியில் இயங்கும் மாற்றுக் கல்விக்கூடம், நேர்காணலுக்கு வந்த சிறுமியைத் திருப்பி அனுப்பிவிட்டு அவளுடைய அப்பாவையும் அம்மாவையும் மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டது. இதில் குளறுபடி எதுவும் இல்லை. வீட்டுப்பாடம் குழந்தைப் பருவத்தையே கொன்றுவிடும் என்று மூன்றாம் வகுப்போடு மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய அந்தத் தம்பதி, நகரத்தின் மாற்று வழிகளை எல்லாம் சல்லடை போட்டுச் சலித்தவர்கள். ஏசி அறையில் மண்ணைக் கொட்டி வைத்திருந்த இயற்கைப் பள்ளியையும், ஆசிரியரே கிடையாது என்று பெருமையடித்துக்கொண்ட இன்னொன்றையும் பார்த்துவிட்டு இங்கே வந்திருந்தார்கள். உங்களுக்குள் இருக்கும் குழந்தை என்ன நிறம் என்று நிறுவனர் கேட்டார். காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளரான அப்பா, ஆரஞ்சு என்று சொல்லிக் கண்கலங்கினார். அம்மா, நிறமே இல்லை, வெறும் காற்று என்றாள். மகள் மட்டும், கணக்கு எப்போது சொல்லித் தருவீர்கள் என்று கேட்டுத் தொலைத்தாள். அவள் இன்னும் பக்குவப்படவில்லை என்று நிறுவனர் குறித்துக்கொண்டார்.

படிப்பு இருவருக்கும் நன்றாகவே ஒட்டியது. முதல் ஆண்டு ஆளுக்கு ஒரு சாண் குறைந்தார்கள், இரண்டாம் ஆண்டு பால் பற்கள் முளைத்தன, நான்காம் ஆண்டில் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. பள்ளி விட்டு வந்து, அலுவலகக் கூட்டங்களில் கைப்பேசி வழியாக மழலை பேசிய அப்பாவிடம் நிறுவனம் எந்த மாற்றத்தையும் காணவில்லை. பதவி உயர்வுகூடக் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள், இருவர் முகத்திலும் ஒரு தெளிவு வந்துவிட்டதாகச் சொல்லி, அதே பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கினார்கள். மூளையை அடகு வைக்க வரிசையில் நிற்பவர்களுக்கு அந்த நகரத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை. சமைத்து, இருவருக்கும் பொத்தான் போட்டு, வேனில் ஏற்றிவிட்ட மகளுக்குப் பதின்மூன்று வயதாகியிருந்தது. எதிர்ச் சாரியில் அரசுப் பள்ளி மணி அடிக்கும்போதெல்லாம் அவள் ஜன்னலுக்கு ஓடினாள்.

சேர்க்கையின் கடைசி நாளன்று அவள் அங்கே போனாள். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார் தலைமை ஆசிரியை. அவள் இருவரையும் தூக்கி வந்து மேசைமேல் உட்கார வைத்தாள். அப்பா படிவத்தில் ஒரு சூரியன் வரைந்தார். அம்மா பேனாவைத் தொடவே இல்லை.

"யாரையும் எதுக்கும் வற்புறுத்தக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க."

மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த வருடத்தையும் விட்டால் அப்புறம் யாரும் சேர்க்க மாட்டார்கள். முப்பது வருடப் பணியில் தலைமை ஆசிரியை இதைவிட மோசமான பெற்றோர்களைப் பார்த்திருந்தார். பெற்றோர் என்பதை அடித்துவிட்டுப் பாதுகாவலர் என்று எழுதி, அவளையே கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு இன்னும் இரண்டு படிவங்களை எடுத்தார்.

"இதுங்களையும் ஒண்ணாங் கிளாஸ்ல போட்டுடலாமாம்மா?"

மேசைமேல் இருவரும் ரப்பர் ஸ்டாம்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பிடுங்கித் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தாள்.

"இப்ப வேண்டாம் டீச்சர். முதல்ல நான் படிச்சுக்கிறேன்."

அதுவும் நியாயம்தான் என்று தலைமை ஆசிரியை படிவங்களை இழுப்பறையில் போட்டார். மறுநாளிலிருந்து அவள் இருவரையும் வேனில் ஏற்றிவிட்டு, சாலையைக் கடந்து, ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக உட்கார்ந்துகொண்டாள்.