செங்கம் ரோட்டில் விழுந்தவள்

மகள் இனியாவுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது அவளுக்கு மூன்று வயது. அதை மணிவேல் எப்படியோ ஏற்றுக்கொண்டான். அவனால் பொறுக்க முடியாதது மனைவி கஸ்தூரியின் களைப்புதான். இரண்டு வருடங்களுக்கு முன் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவள் பழைய கஸ்தூரியாக இல்லை. ஒருநாள் துணி துவைத்தால் மறுநாள் முழுக்கப் படுக்கை. ரத்தப் பரிசோதனையில் எல்லாமே நார்மல். பள்ளி விட்டு வரும் இனியாவும் அம்மா பக்கத்தில் போய்ச் சுருண்டுகொள்வாள்.

"அம்மாவும் பொண்ணும் நல்லா படுத்துக்குங்க" என்பான் மணிவேல். வேங்கிக்காலில் அவன் வேலை பார்க்கும் அலுவலகத்தில் வீட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரையும் கிரிவலத்துக்குக் கிளப்பினான்.

"என்னால முடியாதுங்க. நடந்தா ஜாஸ்தியாயிடும்."

"நடக்காம கிடக்கறதாலதான் இப்படி. கிளம்பு."

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டியதும் கஸ்தூரியின் கால்கள் மடங்கின. ரோட்டோரத்திலேயே சாய்ந்துவிட்டாள். ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. இனியா காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். கூட்டம் கூடிவிட்டது. முன்னால் போயிருந்த மணிவேல் திரும்பி ஓடி வந்தான்.

"என்னப்பா மணிவேல்!"

அவனுடைய மேலதிகாரி சக்கரபாணி, குடும்பத்தோடு நின்றிருந்தார்.

"யாரு அது? பாவம், கூட ஆள் யாரும் இல்லையா?"

"தெரியலை சார்."

கஸ்தூரி கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். அவனையே பார்த்தாள். இளநீர்க்காரப் பெண் ஒருத்தி அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். சக்கரபாணி நகர்ந்த பிறகே மணிவேல் கிட்டே போனான். ஆட்டோ பிடித்து இருவரையும் வீட்டுக்குக் கூட்டி வந்தான்.

அதன்பின் கஸ்தூரியால் சுவரைப் பிடிக்காமல் பாத்ரூம் வரைகூடப் போக முடியவில்லை. இனியாவை டாக்டரிடம் மணிவேலே கூட்டிப் போனான்.

"அம்மா வரலையா?" என்று கேட்டார் டாக்டரம்மா. கஸ்தூரியின் களைப்பையும், இனியா பள்ளி விட்டு வந்து படுத்துக்கொள்வதையும் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"கஷ்டப்பட்டு ஏதாவது செஞ்சா, அப்புறம் இன்னும் மோசமாகுதா?"

"ஆமாங்க மேடம்."

"நாள்பட்ட சோர்வு நோயா இருக்கலாம். நான் பார்த்தாதான் சொல்ல முடியும். அதுவரைக்கும் கட்டாயப்படுத்தி நடக்க வெச்சுடாதீங்க."

மணிவேல் தரையைப் பார்த்தான். "பாப்பாவோட ஆட்டிசம் அவகிட்ட இருந்துதான் வந்துதா மேடம்?"

"அப்படிச் சொல்லவே கூடாது. உடம்புல செல்லுங்க சக்தி தயாரிக்கற விதம், நோய் எதிர்ப்பு சக்தி, இதுல ரெண்டுத்துக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமான்னு ஆராய்ச்சி நடக்குது. எதுவும் உறுதியாகலை. யார் மேலயும் பழி போட இதுல ஒண்ணுமில்ல." டாக்டர் இனியாவைப் பார்த்தார். "இவ ஸ்கூல் விட்டு வந்து படுக்கறாளே, அந்தக் களைப்பும் நிஜம்தான். நாள் முழுக்க சத்தத்தைத் தாங்கிட்டு வரா இல்ல?"

வீட்டுக்கு வந்ததும் கஸ்தூரியிடம் எல்லாவற்றையும் சொன்னான். இத்தனை நாள் அவள் படுத்துக் கிடந்தது சோம்பலால் இல்லை என்பதையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள்.

"அது எனக்குத் தெரியும்ங்க. அன்னிக்கு உங்க சார்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"என் காதுல விழுந்துது. உங்க வாயால சொல்லுங்க."

"தெரியலைன்னு சொன்னேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் சக்கரபாணியின் மேசை முன் போய் நின்றான். "சார், அன்னிக்கு ரோட்டுல விழுந்தது என் வீட்டுக்காரம்மா. அழுதது என் பொண்ணு."

சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும்பா. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். நீ அந்தக் குழந்தையைத் தூக்கிட்டிருந்தே."

இத்தனை நாளும் தெரிந்தேதான் அவர் தினமும் அவனிடம் வணக்கம் வாங்கியிருக்கிறார். மணிவேலுக்குக் காதெல்லாம் சூடேறியது.

சாயங்காலம் அதையும் கஸ்தூரியிடம் சொன்னான். "இனியாவுக்குப் பசிக்கும்" என்றாள். அவன் அரிசி களைந்து உலை வைத்தான். விசில் சத்தம் குழந்தைக்கு ஆகாது என்று குக்கரை எடுக்காமல் பானையில் வைத்தான். சாதம் குழைந்துவிட்டது.