லவோன் போட்ட ஓட்டு

விஸ்கான்சினில் ஒரு பள்ளிக்கூடம் தன் இஷ்டத்துக்குச் செலவு செய்துவிட முடியாது. மாநிலம் ஒரு வரம்பு கட்டி வைத்திருக்கிறது. அதைத் தாண்ட வேண்டுமானால் வரியை ஏற்ற ஊரே ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். இந்தத் தடவை தோற்றால் சமையலறையை மூடிவிட்டு வெளியிலிருந்து பெட்டிச் சாப்பாடு வரவழைப்போம் என்று நிர்வாகம் முன்கூட்டியே சொல்லியிருந்தது. சமையலறை என்றால் லவோன் ஸ்டூசிதான். பத்தொன்பது வருஷமாக அவள்தான் ஆக்கிப் போடுகிறாள்.

சரி என்றவர்கள் நானூற்றுப் பதினெட்டுப் பேர். வேண்டாம் என்றவர்களும் அதே நானூற்றுப் பதினெட்டுப் பேர். சமமாக வந்தால் தோல்விதான்.

அந்த வேண்டாம்களில் ஒன்று லவோனுடையது. எப்படியும் நூறு ஓட்டில் ஜெயித்துவிடும், நம் நிலத்துக்கு வரி ஏற நாமே எதற்குக் கை தூக்க வேண்டும் என்று ஓட்டுச்சாவடி மறைப்புக்குள் நின்றபோது தோன்றியது. பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை, வாராவாரம் போடும் மீன் வறுவல் சாப்பாட்டுக்கு மதுக்கடையில் ஊரே கூடியிருந்தது. கடைக்காரி டோரீன், மூலையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆர்லன் க்னுட்சனைப் பார்த்து, அவர் காதில் விழும்படியே சொன்னாள். "அந்தக் கெழவன் ஒருத்தன் மாத்திப் போட்டிருந்தா உன் வேலை தப்பிச்சிருக்கும், லவோன்."

பள்ளி ஓட்டு என்றாலே வேண்டாம் என்று பகிரங்கமாகச் சொல்கிற கஞ்சர் அவர். எழுந்து லவோனின் மேசைக்கு வந்தார்.

"முப்பது வருஷமா எதிர்த்துத்தான் குத்துனேன், ஒளிச்சதில்ல. இந்தத் தடவ உனக்காக சரின்னு போட்டேன். என் பொண்டாட்டி செத்தப்போ ஒரு மாசம் எனக்குச் சாப்பாடு குடுத்தனுப்புனவ நீ. இவனுங்க எவனும் நம்பல. நீயாவது நம்புவேல்ல?"

கடையில் எல்லோரும் லவோனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்லன் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இவரை நம்பினால், வேண்டாம் என்று போட்ட வேறு ஆளை ஊர் தேட ஆரம்பிக்கும் என்பதும் தெரியும்.

"வெக்கமா இல்லயா உங்களுக்கு?" என்றாள். "என் பொழப்புல மண்ணப் போட்டுட்டு, எங்கிட்டயே நல்ல பேரு வாங்க வர்றீங்களே."

 ஆர்லன் தொப்பியை எடுத்துக்கொண்டு, பாதி மீனைத் தட்டிலேயே விட்டுவிட்டு வெளியே போனார். லவோன் உடைந்து அழுதாள். அந்த அழுகையில் பொய்யே இல்லை. ஆளாளுக்கு வந்து அவள் முதுகைத் தடவினார்கள்.

"நல்லா கேட்ட, போ," என்று டோரீன் இன்னொரு தட்டு மீனைக் கொண்டுவந்து வைத்தாள். காசு வேண்டாம் என்றாள். லவோன் அதையும் சாப்பிட்டாள்.