சனிக்கிழமைக்கு ஒரு மைதானம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் துர்க்கா வேலையால் வந்து அறைக்கதவைத் திறந்தபோது கணவன் கீதன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். திரும்பாமலே கேட்டான்.

"நாளைக்கு விளையாட்டு இருக்குத்தானே?"

"ஓம். கிரவுண்ட் எடுத்தாச்சு."

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. அவளிடம் எந்த மைதானமும் இல்லை.

மிசிசாகாவில், விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் கீதனுக்கு வேலை. அங்கே பிலிப்பைன்ஸ்காரர் இரண்டு பேர் பழக்கிவிட்டு, கிடங்குப் பெடியள் சனிக்கிழமைகளில் பேஸ்போல் விளையாடத் தொடங்கியிருந்தார்கள். லீக்கும் இல்லை, கோப்பையும் இல்லை. ரூஜ் பகுதியில் கீதனின் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூட மைதானத்தில் யாரையும் கேளாமல் விளையாடி வந்தார்கள். இந்த வசந்தத்தில் அங்கே தற்காலிக வகுப்பறைகள் வந்து இறங்கின. சுற்றிவரக் கம்பி வேலி. "இந்த வருசம் கிரவுண்ட் இல்லை கைஸ்" என்று ஜெனோசன் குழுவில் போட்டதைக் கீதனின் போனில் முதலில் கண்டவள் துர்க்காதான். கண்டதும் அழித்துவிட்டாள்.

மார்ச் மாதம் ஒருநாள் வேலைக்கென்று வெளிக்கிட்ட கீதன் வேலைக்குப் போகவில்லை. பனிக்கட்டி உடைந்து மிதந்த ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றவனை, நாயோடு நடக்கவந்த ஒரு பெண் கண்டு பொலிசைக் கூப்பிட்டாள். சொந்தக்காரருக்கு நிமோனியா என்று துர்க்கா சொன்னாள். தன் தாய்க்கும் அதையேதான் சொன்னாள். அவருக்கு எதிலாவது விருப்பம் மிஞ்சியிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள் என்று டொக்டர் சொன்னார். மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். குளிக்கமாட்டான், சாப்பாட்டைக் கிண்டிவிட்டு எழும்புவான். ஆனால் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் கேட்பான்.

"கஸ்டம் அக்கா," என்றான் ஜெனோசன், அந்தக் கிழமைத் தொடக்கத்தில் அவள் போன் எடுத்தபோது. "எல்லாத்தையும் லீக்காரர் விண்டருக்கையே புக் பண்ணிப்போடுவினம்."

"நான் பிடிச்சுத் தாறன். நீங்கள் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, காணும்."

பல் வைத்தியரின் கிளினிக்கில் அவள்தான் வரவேற்பாளர். அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மைதானம் கேட்டு மாநகர அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். மறுமுனையில் பேசிய பெண், யாராவது கான்சல் பண்ணினால் அறிவிக்கிறோம் என்றாள். பல் நோவோடு கூப்பிடுகிறவர்களுக்குத் தான் நாள்தோறும் சொல்வதும் இதே வசனம்தான், இதே இனிப்பான குரலில்தான் என்பது துர்க்காவுக்கு உறைத்தது. பக்கத்து ஊரான பிக்கரிங்கில் அந்த ஊர்க்காரருக்குத்தான் முதலிடம் என்றார்கள். நாள்தோறும் வேலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பார்க்காகத் தேடினாள். எங்கே போனாலும் சீருடை போட்ட யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள். பொய் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை மறுபடி வெளிக்கிட்டுப் போய், இருட்டுவதற்குச் சற்று முன், ஒரு சமூக நிலையத்தின் பின்னால் வெறுமையாகக் கிடந்த மைதானத்தைக் கண்டாள். நாளைக்கும் அது வெறுமையாகக் கிடக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டே ஜெனோசனுக்கு இடத்தை அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை மைதானம் வெறுமையாகவே கிடந்தது. கீதன் குளித்து, நீலச் சேட் போட்டுக்கொண்டு வந்தான். முதல் தடவை மட்டை பிடித்தபோது பந்து படவில்லை. இரண்டாம் தடவை பட்டது. செம்மண்ணில் விழுந்தடித்து ஓடி, சறுக்கி, முகமெல்லாம் புழுதியோடு எழும்பி ஜெனோசனைப் பார்த்து ஏதோ கத்தினான். என்னவென்று ஓரத்தில் இருந்த துர்க்காவுக்குக் கேட்கவில்லை. பல் தெரிந்தது. அது போதும் அவளுக்கு.

அப்போதுதான் கார்கள் வரத் தொடங்கின. மஞ்சள் சேட் போட்ட சிறுமிகள் இறங்கினார்கள். துர்க்கா எழும்பி, மைதானத்துக்கு அவர்கள் போய்ச் சேரமுதல் வழிமறிக்க ஓடினாள். கையில் பந்துப்பையோடு முன்னால் வந்தவர் நரைத்த மீசைக்காரர். அவரைப் பின்னாலிருந்து யாரோ "விநாயகமூர்த்தி அங்கிள்" என்று கூப்பிட்டார்கள். தமிழர். வேற்று இனத்தவராக இருந்திருந்தால் எதையும் சொல்லிக் கெஞ்சியிருப்பாள், மறுபடி காணப்போவதில்லை. இவரைக் கோயிலில் காணலாம், கலியாண வீட்டில் காணலாம். இவருக்குச் சொன்னால் நிமோனியாக் கதை ஒரு கிழமைகூடத் தாங்காது.

"தங்கச்சி, இப்ப எங்கட நேரம். பேர்மிற் இருக்கு," என்று மைதான அனுமதியைப் போனில் காட்டினார்.

"தெரியும் அண்ணை. ஒரு அரை மணித்தியாலம் மட்டும் விடுங்கோ."

"அதெப்படி? தாய் தகப்பன்மார் வந்து நிக்கினம், அம்பயர் வந்திட்டார். உவையள் வளந்த ஆக்கள்தானே, வேற எங்கையும் விளையாடலாம்."

"வேற இடம் இல்லை அண்ணை."

"உங்கட ஆள் ஆர் அதில?"

"நீலச் சேட்."

விநாயகமூர்த்தி பார்த்தார். "நல்லாத்தானே ஓடுறார்."

"அண்ணை, அவர் மார்ச்சில சாகப் போனவர்."

வாய் திறந்துகொண்டது, பிறகு மூட முடியவில்லை. "என்ர அம்மாவுக்கும் தெரியாது. கிழமை முழுக்க இதை நினைச்சுத்தான் கிடக்கிறார். பேர்மிற் இருக்கெண்டு பொய் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். இப்ப நீங்கள் போய் வெளியில போகச் சொன்னால்..."

அவர் போனைப் பைக்குள் வைத்தார். சிறுமிகள் பக்கம் திரும்பி, "எல்லாரும் பார்க்கைச் சுத்தி ரெண்டு ரவுண்ட் ஓடிப்போட்டு வாங்கோ," என்றார்.

"அங்கிள், சீரியஸ்லி?"

"மூண்டு ரவுண்ட்."

ஒரு தகப்பன் மணிக்கூட்டைக் காட்டி ஏதோ கேட்க, விநாயகமூர்த்தி அவரைத் தோளில் பிடித்து அப்பால் கூட்டிக்கொண்டு போனார். துர்க்காவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சிறுமிகள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது கீதனின் ஆட்கள் தாங்களாகவே மட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

துர்க்கா காரை ஓட்டினாள். பாதி வழியில் கீதன் கேட்டான்.

"பேர்மிற் இருக்கேல்லை, என்ன?"

"இல்லை."

"அந்தாளிட்டை என்ன சொன்னனீர்?"

இன்னொரு பொய் அவளிடம் மிச்சமில்லை. "நடந்ததைச் சொன்னன்."

கீதன் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பினான். எல்லாம் போய்விட்டது என்று நினைத்தாள் துர்க்கா. வீட்டுக்குப் போனதும் அவன் அந்தச் சுவரைத்தான் பார்க்கப்போகிறான்.

"வலப்பக்கம் திருப்பும்," என்றான் திடீரென்று.

திருப்பினாள். வீடுகள் முடிகிற இடத்தில் கம்பிவலை சரிந்து, புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த ஒரு நிலம். என்றோ யாரோ விளையாடிக் கைவிட்டது. கார் நிற்கமுதலே அவன் இறங்கிப் போனான். நடுவில் நின்று சுற்றிவரப் பார்த்தான். பிறகு சட்டென்று புல்லுக்குள் மறைந்தான்.

துர்க்கா கதவைச் சாத்தாமல் ஓடினாள். அவன் முழந்தாளில் இருந்து இரண்டு கையாலும் புல்லைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தான். முகம் நனைந்திருந்தது.

"என்ன செய்யிறீங்கள்?"

"மட்டை பிடிக்கிற இடத்துப் பிளேற் எங்கையோ இதுக்குள்ளைதான் புதைஞ்சிருக்கும். பாத்துக்கொண்டு நிக்காமல் நீரும் பிடுங்கும்."

அவள் எதிரில் முழந்தாளிட்டாள். புல் வேர்விட்டு இறுகியிருந்தது. இழுக்க இழுக்கக் கையை அறுத்தது. பெயர்ந்த இடங்களில் விரலை விட்டுத் துழாவினாள். ஈர மண், பிறகும் ஈர மண்.