கண்ணாடி ஏற்றிய வண்டி

புகை டெஸ்ட் எடுப்பவன் குழாயைச் சைலன்சருக்குள் செருகிவிட்டு, "ரேஸ் பண்ணாதீங்கண்ணா, சும்மா ஓடட்டும்" என்றான். அன்பரசன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். பக்கத்து இருக்கையில் இருந்த அவன் மனைவி தமிழ்செல்வி முந்தானையால் முகத்துக்கு விசிறிக்கொண்டாள். கத்திரி வெயில் தொடங்கிய வாரம். காலையிலேயே பெட்ரோல் பங்க்கின் சிமெண்ட் தரை கண்ணைக் கூச வைத்தது. ஓரமாக இருந்த தகர அறையின் கம்ப்யூட்டரில் எண்கள் ஏறிக்கொண்டே போயின.

"ரிஜெக்ட்டுண்ணா."

"இன்னொரு தபா பாரேன்."

"பாத்துட்டேன். கார்பன் மோனாக்சைடு அரைக்குள்ள இருக்கணும். உங்களுது நாலத் தாண்டுது. மெக்கானிக்காண்ட காட்டிட்டு வாங்க."

அன்பரசன் நெற்றிப்பொட்டை அழுத்தித் தேய்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான். முன்பெல்லாம் அவன் இப்படி விட்டுவிடுகிற ஆள் இல்லை. மிஷினையே கேலி பேசி, டெஸ்ட் எடுப்பவனையும் சிரிக்க வைத்து, மூன்றாவது தடவையும் பார்க்கச் சொல்லியிருப்பான்.

அது பழைய ஆம்னி வேன். ஒரு வாத்தியாரிடமிருந்து வாங்கி, ஏசி மாட்டி, ஆசிரமத்துப் பக்கம் தங்குகிறவர்களுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குத் தேதி நெருங்கிவிட்டது. புகை சர்டிபிகேட் இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் நிற்க முடியாது.

"தலை வலிக்குதாங்க?" என்றாள் தமிழ்செல்வி.

"இது இன்னா புதுசா. காலைல வண்டி எடுத்தா ஆரம்பிக்குது, படுத்தாத்தான் வுடுது."

சில வாரங்களாகவே அவன் இப்படித்தான் இருந்தான். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். பேசினால் எரிந்து விழுந்தான். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். டவுனில் ஒரு டாக்டர் பித்தம் என்று மாத்திரை கொடுத்தார். அவன் அம்மா ஜோதியம்மாள் மந்திரித்த கயிறு கொண்டுவந்து கையில் கட்டினாள். அவனுக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். தமிழ்செல்வியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருந்தாள்.

மெக்கானிக் மணியின் ஷெட் பைபாஸ் ஓரத்தில் இருந்தது. மணி அன்பரசனைவிட இளையவன். இந்த வண்டிக்கு வேறு யாரும் ஸ்பேனர் வைத்ததில்லை. முன் இருக்கைக்கு அடியில்தான் ஆம்னிக்கு இன்ஜின். இருக்கையைத் தூக்கி பிளக்கைக் கழற்றிக் காட்டினான். கண்மையில் தோய்த்தெடுத்ததுபோல் இருந்தது.

"பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குதுண்ணா. சென்சார் போயிருக்கும். ஆனா அது மட்டும் இல்ல போலக்குதே."

ஒரு சாக்குத் துணியை நனைத்துச் சுருட்டி, ஓடுகிற வண்டியின் சைலன்சர் வாயில் வைத்து அழுத்தினான். மூச்சு முட்டி இன்ஜின் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முன்னால் இருக்கைக்குக் கீழே எங்கேயோ 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. மணி மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நகர்ந்தான். கொஞ்ச நேரம் டார்ச் வெளிச்சம் மட்டும் அங்குமிங்கும் அலைந்தது.

"அண்ணா, இங்க வா. அண்ணி, நீங்களும் பாருங்க."

இன்ஜினிலிருந்து புகைக்குழாய் கிளம்புகிற இடத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதற்கு மேலிருந்த தகரம் முழுக்கக் கரி அப்பியிருந்தது. இருக்கை மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை பாதி இடத்தில் காணவே இல்லை.

"பாதிப் புகைதான் பின்னால போவுது. மீதி அப்படியே உள்ள வருது" என்றான் மணி. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "ஏண்ணா, உனக்குத் தலவலி வருமே?" என்று கேட்டான்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போளூர்க் கல்யாணத்துக்குப் போய்வந்த அன்று மூன்று பேருக்குமே தலை வெடித்தது. மகள் இனியா வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். பிரியாணியைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள்.

அன்பரசன் சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு.

"இதுக்காடி எங்கம்மா கயிறு கட்டுச்சு? கயித்த வண்டிக்குல்ல கட்டிருக்கணும்!"

தமிழ்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. மனக்கஷ்டம் ஒன்றும் இல்லை. தகரத்தில் ஓட்டை. அவ்வளவுதான்.

"பைப்பு வேலூர்ல இருந்து நாளைக்குத்தான் வரும். வண்டிய இங்கயே வுட்டுடுண்ணா" என்றான் மணி.

"ஒரே ஒரு ட்ரிப்புடா. ஆசிரமத்தாண்ட தங்கியிருக்குதே பெங்களூரு அம்மா, அது கண் ஆஸ்பத்திரில இருக்குது. கட்டுப் போட்டு அனுப்புவாங்க. ரூம்ல வுட்டுட்டு நேரா இங்கதான் வரேன்."

"ஆட்டோ வெச்சுக் கூட்டியாந்துடேன்."

"வயசானதுடா. என்னத் தவிர இந்த ஊர்ல அதுக்கு யாரையும் தெரியாது."

மணி கையைத் துணியில் துடைத்தபடி யோசித்தான். பிறகு இருக்கையை இறக்கி மாட்டினான். "சரி, எல்லாக் கண்ணாடியும் எறக்கிட்டு ஓட்டு. ஏசி மட்டும் போடாத."

அன்பரசன் கண்ணாடிகளை இறக்கித்தான் ஓட்டினான். கலெக்டர் ஆபீஸ் எதிரில் தமிழ்செல்வி வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை வாசலில் இறக்கிவிட்டு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "பசிக்குதுடி. ராத்திரிக்கு மொச்சக்கொட்டை போட்டுக் கொழம்பு வை" என்றான்.

மத்தியானம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தபோது அவனுடைய எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது கண் ஆஸ்பத்திரி வாட்ச்மேன்.

பெங்களூர் அம்மாவை அனுப்பத் தாமதமாகியிருந்தது. அன்பரசன் பக்கத்துச் சந்தில் மதில் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தியிருந்தான். அங்கே ஒரு பொட்டு நிழல் கிடையாது. முதலில் கண்ணாடியை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தானாம். வாட்ச்மேனே பார்த்திருக்கிறார். அப்புறம் எப்போது ஏற்றினான், எப்போது ஏசியைப் போட்டான் என்று யாருக்கும் தெரியவில்லை. நடு இருக்கையில் கால் மடக்கிப் படுத்திருந்தான். டிரைவர் தூங்குகிறார் என்று நினைத்து எல்லாரும் தாண்டிப் போயிருக்கிறார்கள். கண்ணில் கட்டோடு வந்த அந்த அம்மாள்தான் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். வண்டி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் சப்-இன்ஸ்பெக்டர் அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். தணிந்த குரலில்தான் பேசினார்.

"வீட்ல எதனா பிரச்சனையாம்மா?"

"இல்ல சார்."

"கொஞ்ச நாளா யார்கிட்டயும் சரியாப் பேசலயாம். சாப்பிடலயாம். டிரைவருங்க சொல்றாங்க. உயிர் போனது புகையாலதான்றாரு டாக்டர். எல்லாக் கண்ணாடியும் ஏத்திட்டு, இன்ஜின ஓட வுட்டுட்டு… நாங்க கேக்கணும் இல்லையா?"

அவன் தானாகவே செய்துகொண்டானா என்றுதான் கேட்கிறார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. டெஸ்ட்டில் ரிஜெக்ட் ஆனது, மணி சாக்கை வைத்து அடைத்தது, வெடிப்பு, தலைவலி, இனியாவின் வாந்தி என்று எல்லாவற்றையும் சொன்னாள். முன்னும் பின்னுமாகச் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"மெக்கானிக் நம்பர் இருக்கா?"

ஸ்பீக்கரில் போட்டார். மணியின் குரல் தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது.

"பிளக்கு மட்டும்தான் சார் கிளீன் பண்ணேன். வேற ஒண்ணியும் பாக்கல சார்."

"கீழ படுத்துப் பாத்தியாமே?"

"இல்ல சார். கீழல்லாம் பாக்கல."

"மணி, நாந்தான் அண்ணி பேசறேன்" என்றாள் தமிழ்செல்வி. போன் கட்டாகிவிட்டது.

"நீங்க சொன்னத எழுதிக்கறேம்மா" என்றார் அவர். "வண்டிய இன்ஸ்பெக்ஷனுக்கு அனுப்புவோம். எப்பப் பாப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

மறுநாள் காலை அடி அண்ணாமலை ஊரில் அவர்கள் வீட்டு வாசல் நிறைந்துவிட்டது. ஐஸ் பெட்டிக்குள் அன்பரசனின் முகம் சிவந்து, நன்றாகத் தூங்கி எழப் போகிறவனுடையதுபோல் இருந்தது. "செத்த முகமாவா இருக்குது" என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் வேறு குரலில் பேசினார்கள். அந்தக் குரல் ஷாமியானா முழுக்க இருந்தது. தமிழ்செல்வி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் தொடங்கியது.

ஓசூரிலிருந்து வந்திருந்த அன்பரசனின் அண்ணன் வேணு அவளைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

"எனக்கு மட்டும் சொல்லும்மா. எதனா இருந்துச்சா? யார் மேலயும் தப்பு சொல்லப் போறதில்ல."

"வண்டில ஓட்டை மாமா."

"சரிம்மா" என்றார். நம்பாதவர் சொல்கிற சரி. அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜோதியம்மாள் பெட்டியின் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். "என்னாண்ட சொல்லக்கூடாதாடா? அம்மாகாரிகிட்ட சொல்லக் கூடாத வெசனம் இன்னாடா உனக்கு?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். அதைக் கேட்கக் கேட்க, மற்ற பெண்களின் பார்வை தமிழ்செல்வியிடம் வந்து வந்து போனது.

மணி பதினோரு மணிவாக்கில் மாலையோடு வந்தான். பெட்டி மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றான். தமிழ்செல்வி எழுந்து போனாள். துக்க வீட்டில் அவள் இப்படி எழுந்து போவதைப் பார்த்த ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டுப் போனாள்.

"மணி."

அவன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அண்ணி, ஓட்டை இருக்குதுன்னு தெரிஞ்சே வண்டிய வுட்டவன் நானு. தூக்கி உள்ள வெச்சுடுவாங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க எனக்கு."

"போலீஸ்ல சொல்ல வேணாம்."

அவன் நிமிர்ந்தான்.

"பெட்டி மேல சாஞ்சுகினு கெடக்குதே, அதுகிட்ட மட்டும் சொல்லு. எம்புள்ளைக்கு இன்னா வெசனம்னு கேட்டுகினே இருக்குது. ஒரு வெசனமும் இல்ல, நேத்துக் காலைல கூட சிரிச்சாருன்னு அத மட்டும் சொல்லு. நான் சொன்னா எடுபடாது மணி."

அவன் உள்ளே ஒரு அடி வைத்தான். பின்வாசல் வழியாக ஜோதியம்மாளின் குரல் கேட்டது. நின்றுவிட்டான். பிறகு தொட்டியிலிருந்து தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொண்டே இருந்தான். அவள் காத்திருந்தாள். வாசலில் மேளம் அடிக்கத் தொடங்கியது. யாரோ அவளைத் தேடி வந்து உள்ளே அழைத்துப் போனார்கள்.

பாடையைத் தூக்கும்போது மணி முன்பக்கம் தோள் கொடுத்தான். வேறு யாரோ மாற்றிக்கொள்ள வந்தபோதும் விடவில்லை. கிரிவலப் பாதையில் மலை சுற்றிக்கொண்டிருந்த சிலர் ஒதுங்கி நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். தெருமுனையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். தமிழ்செல்வி பார்த்தவரை பாடை மணியின் தோளில்தான் இருந்தது.

திரும்பி வந்து, குளித்து, ஈரத் தலையோடு ஜோதியம்மாள் கூடத்துச் சுவரில் சாய்ந்தாள். உறவுக்காரப் பெண்கள் வாசல் பக்கம் போயிருந்தார்கள். அழுது அழுது களைத்த இனியா தரையில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தமிழ்செல்வி மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் சொல்றத கேக்கறீங்களா?"

இந்த முறை நிதானமாகச் சொன்னாள். பெட்ரோல் பங்க்கிலிருந்து ஆரம்பித்தாள். கயிற்றை வண்டிக்குக் கட்டியிருக்க வேண்டும் என்று அவன் சிரித்ததைச் சொன்னாள். பசிக்கிறது என்றதைச் சொன்னாள். கிழவி கண் மூடியிருந்ததால் தூங்கிவிட்டாளோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"கண்ணாடிய எறக்கித்தானே போனான்?"

"ஆமா அத்தை."

"அப்பறம் ஏன் ஏத்தினான்?"

"வெயிலு அத்தை."

ஜோதியம்மாள் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தாள். ஷாமியானா துணியைத் தாண்டித் தெரு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

"மணி வந்திருந்தானே. அவன் ஒண்ணும் சொல்லலயே."

தமிழ்செல்வி பின்வாசலுக்கு வெளியே தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள்.

கிழவி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ சொல்ற, நான் கேட்டுக்கறேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஊர்ல எத்தினி பேருகிட்டடி போய்ச் சொல்லுவ?" என்றாள்.

ஐஸ் பெட்டிக்காரர்கள் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்து, பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றினார்கள். பெட்டியைச் சாய்த்துத் தூக்கியபோது அடியில் தேங்கியிருந்த தண்ணீர் குபுக்கென்று கொட்டிக் கூடத்துத் தரையில் பரவியது. தமிழ்செல்வி எழுந்து போய், தூங்குகிற மகளின் இரண்டு கால்களையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் துண்டின் ஓரத்தை நனைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடியது.