ஜாம்பிக்கு ஆள் தேவை

"ஏண்டி, செத்தவன் எழுந்து நடக்குறதைப் பாக்குறதுல உனக்கு அப்படி என்ன சுகம்?"

அத்தை தன் தம்பி மகளிடம் இப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அந்த நேரத்தில் டீவியில் ஒரு ஜாம்பிக் கூட்டம் பேருந்து ஒன்றைச் சுற்றி வளைத்துக் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. அவள் வாய் எப்போதுமே பூட்டுப் போட்ட வாய்தான். யாராவது ஒரு கேள்வி கேட்டால் பதில் தொண்டை வரை வரும், வந்து அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

அப்பாதான் பேசினார். "அக்கா, கொஞ்சம் தள்ளு. டிரைவர் என்ன பண்றான்னு தெரியல."

அப்பாவும் பஸ் டிரைவர். படத்தில் எத்தனை பேர் செத்தாலும் அவர் கண் ஸ்டீயரிங்கை விட்டு நகராது. "அடப்பாவி, கிளட்சை மிதிக்காமலே கியர் போடுறான் பாரு. இவனை ஜாம்பி கடிக்கலைன்னா நானே போய்க் கடிச்சிருவேன்" என்பார். பக்கத்தில் தலையணையைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். எந்தப் பக்கத்திலிருந்து ஜாம்பி வருகிறது என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. அதனால் வீட்டில் அவளுக்குக் கண்டக்டர் என்றே பெயர்.

அத்தை கேட்ட அந்தச் சுகம் என்னவென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வாடகைக்கு எடுத்து வருகிற அட்டை கிழிந்த புத்தகங்களில் ஜாம்பி வருவதற்கு முன்னால் ஒரு கதவு வரும். எழுதியவர் அந்தக் கதவைப் பற்றியே நாலு பக்கம் எழுதுவார். அந்த நாலு பக்கத்தையும் போர்வைக்குள் சுருண்டுகொண்டு படிப்பதில் ஒரு சுகம். படமென்றால் எல்லாரும் சேர்ந்து அலறலாம். கேம் என்றால் பயம் முழுக்க நம் கட்டைவிரலில்தான் இருக்கும். அவளுக்கு மூன்றுமே வேண்டும். அப்பாவுக்கும் அவளுக்கும் ஒரே ஒரு சண்டைதான். அவளுக்கு ஓடுகிற ஜாம்பி பிடிக்கும். அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"ஓடினா அது ஜாம்பியா? பஸ்ஸைத் தவற விட்டவன். ஜாம்பின்னா மெதுவா வரணும். ஆனா வந்துருவான்னு தெரியணும்."

பிறகு ஒரு நாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரும் விழுந்தார்.

பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது பேச்சு சரியாகிவிட்டிருந்தது, கையும் பாதி சொன்னபடி கேட்டது. இடது கால் மட்டும் தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"தினமும் வெளியில போய் நடங்க சார். வீட்டுக்குள்ள நடக்குறது கணக்குல வராது. இப்ப நடந்தா கால் உங்க பேச்சைக் கேக்கும். விட்டுட்டீங்கன்னா அப்புறம் காலம் முழுக்க நீங்கதான் அதோட பேச்சைக் கேக்கணும்."

அப்பா மறுநாளே சட்டை மாற்றிக்கொண்டு படியிறங்கினார். அம்மா ஜன்னலில், அவள் அம்மாவின் தோளுக்குப் பின்னால். தெருவில் பத்தடி போயிருக்கமாட்டார், மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், ஜாம்பி வருதுடா!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பா நின்றார், அப்படியே திரும்பினார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடியேறினார். அதற்கப்புறம் அவர் வாசற்படி தாண்டவில்லை. டீவி பக்கமும் திரும்பவில்லை. அம்மா தையல் மிஷினை மிதித்துக்கொண்டே கெஞ்சினாள், திட்டினாள், அழுதும் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். கால் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டையாகிக்கொண்டு வந்தது.

அந்தச் சொல் அப்பாவும் அவளும் செல்லம் கொடுத்து வளர்த்த சொல். அது திரும்பி அவரையே கடித்துவிட்டது. கத்தினவன் குரலும் அவளுக்குத் தெரியும். அவள் வேலை பார்க்கிற கேம் கடைக்குத் தினமும் வருகிற ஓட்டைப்பல்லன்தான்.

கடை தெருமுனையில், ஒரு மருந்துக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் இருந்தது. காசை வாங்கி மிஷினைப் போட்டுவிடுவது, வியர்வை பிடித்த ரிமோட்டுகளைத் துடைப்பது, சண்டை வந்தால் முதலாளியைக் கூப்பிடுவது, இவ்வளவுதான் அவள் வேலை. அந்த மாதம் முதலாளி எங்கிருந்தோ ஒரு புது மிஷினை வாங்கி வந்திருந்தார். தரையில் கட்டில் நீளத்துக்கு ஒரு ரப்பர் விரிப்பு, எதிரில் பெரிய திரை, அதன் தலையில் ஒரு கேமரா. விரிப்பில் நடக்கிறவர்தான் ஜாம்பி. அவர் நடந்தால் திரையில் இருக்கிற ஜாம்பியும் நடக்கும். மற்றவர்கள் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு திரையிலுள்ள தெருக்களில் தப்பி ஓட வேண்டும்.

ஆனால் அந்த ஜாம்பியை ஒருவனாலும் நகர்த்த முடியவில்லை. பையன்கள் எல்லாரும் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, கண்ணைச் செருகிக்கொண்டு, தொம் தொம்மென்று மிதித்தார்கள். கேமரா அதை ஜாம்பியாக ஏற்றுக்கொள்ளவில்லை. திரையிலிருந்த ஜாம்பி நடைபாதையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துகொண்டது. ஓடுகிறவர்கள் பக்கம் சேர அடிதடி, விரிப்பு மட்டும் காலி. முதலாளி வெறுத்துப்போய்க் கண்ணாடிக் கதவில் "ஜாம்பிக்கு ஆள் தேவை" என்று எழுதி ஒட்டினார். அப்படியும் யாரும் வரவில்லை.

ஒரு மதியம் கடையில் ஈ காக்கை இல்லை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அவள் விரிப்பைத் துடைத்தாள். துடைத்தவள் அதன் மேல் ஏறி நின்றாள். இடது தோளைத் தாழ்த்தினாள், வலது காலை ஊன்றி இடது காலை இழுத்தாள். திரையில் உட்கார்ந்திருந்த ஜாம்பி தலையைத் தூக்கியது. இன்னொரு தடவை இழுத்தாள். அது எழுந்து நின்று அவள் கூடவே வந்தது.

மூன்றாவது எட்டில்தான் தான் யாருடைய நடையை நடக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கால் அப்படியே நின்றுவிட்டது. முகம் சுட்டது. ஆனாலும் இறங்கவில்லை. மிஷினே ஓட்டுகிற ஆட்கள் திரையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பிடித்த பிறகுதான் இறங்கினாள்.

அன்று சாயங்காலம் பையன்கள் விரிப்பில் ஆடிய ஆட்டத்தைச் செல்போனில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்பா மடியில் போனை வைத்தாள். அவர் வேண்டாவெறுப்பாகப் பார்த்தார். மறுபடி பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"என்ன இது, பரேடா?"

"ஜாம்பிப்பா."

"இதுவா? கையை எதுக்கு நீட்டுறான், இருட்டுல சுவிட்சைத் தேடுறானா?"

அம்மாவின் மிஷின் நின்றது. அவர் இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. இதற்கு மேல் சுற்றி வளைக்க அவளுக்குத் தெம்பில்லை. விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள்.

"யார் நடந்தாலும் அது நகரலப்பா. இன்னைக்கு நான் உங்களை மாதிரி நடந்து பாத்தேன். உடனே எழுந்துருச்சு."

"அடி அறிவு கெட்டவளே!" என்று அம்மா துள்ளி எழுந்தாள். "யார்கிட்ட என்ன பேச்சுடி பேசுறே?"

அப்பா கையை உயர்த்தி அம்மாவை அடக்கினார். அவருடைய பார்வை மகள் மேலேயே இருந்தது.

"எத்தனை பேரைப் பிடிச்சே?"

"ரெண்டு பேரை."

"ரெண்டா?" அப்பாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "அவ்வளவுதானா? சரியா நடந்திருக்கமாட்டே."

மறுநாள் காலையில் கடை காலியாக இருக்கும், பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள் என்று அவள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லித்தான் அவரைக் கிளப்பினாள். தெரு நெடுகச் சுவரோரமாகவே நடந்தார். மருந்துக் கடைக்காரர் வணக்கம் சொன்னதற்குக்கூட நிமிரவில்லை. கதவைத் திறந்தால் கடைக்குள் ஒரு பட்டாளமே நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் குழாய் உடைந்து வகுப்பெல்லாம் தண்ணீர், எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அத்தனை தலையும் வாசலைப் பார்த்துத் திரும்பியது. நடுவில் ஓட்டைப்பல்லன்.

அப்பாவின் கை அவள் தோளில் இறுகியது. அவ்வளவுதான், திரும்பிவிடப் போகிறார் என்று நினைத்தாள். இன்றைக்குத் திரும்பினால் இனிமேல் எந்தச் சாமியாலும் அவரைக் கீழே இறக்க முடியாது.

"நீதானே அன்னைக்குத் தெருவுல கத்தினது?" என்றார் அப்பா.

ஓட்டைப்பல்லன் முகத்தில் ரத்தமில்லை. "ஆமா... அங்கிள்."

"ம். கண்ணு நல்லாத்தான் இருக்கு. எடு ரிமோட்டை."

ஐந்து பேர் ரிமோட் எடுத்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பில் ஏறினார். முதல் எட்டு வைத்ததுமே திரையில் ஜாம்பி விசுக்கென்று எழுந்தது. பையன்கள் "ஏய்!" என்றார்கள். இரண்டாவது எட்டில் அது நடக்க ஆரம்பித்தது. இதற்கு முன்னால் அந்தக் கடையில் யாரும் பார்த்திராத நடை. முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

அப்பா ஒருவனையும் துரத்தவில்லை. பாதி ஆயுசு பஸ் ஓட்டினவருக்கு எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று சொல்லித் தர வேண்டுமா? பையன்கள் தலைதெறிக்க ஓடினார்கள். அவர் காலை இழுத்து இழுத்து, அவர்கள் வந்துதான் ஆக வேண்டிய திருப்பத்தில் போய் நின்றார். ஒருவன் தானாகவே வந்து விழுந்தான். இரண்டாமவனும் மூன்றாமவனும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஒன்றாக விழுந்தார்கள். நாலாமவன் பயத்தில் ரிமோட்டையே கீழே போட்டுவிட்டான்.

"ஓடு தம்பி, ஓடு" என்றார் அப்பா மிச்சமிருந்த ஓட்டைப்பல்லனிடம். மூச்சு வாங்கியது, ஆனால் குரல் பழைய டிரைவர் குரல். "நான் மெதுவாத்தான் வருவேன்."

"ஐயோ அங்கிள், அப்படிச் சொல்லாதீங்க, கை நடுங்குது!"

அவன் ஒரு கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நழுவப் பார்த்தான். அப்பா அதைக் கவனிக்கவில்லை. அவளுக்குள் என்னவோ படீரென்று திறந்துகொண்டது.

"லெஃப்ட்லப்பா! லெஃப்ட்ல வர்றான்! விடாதீங்க, ஒடிச்சுத் திருப்புங்க!"

கடையே அவளைத் திரும்பிப் பார்த்தது. இந்த அக்காவுக்கு வாய் இருக்கிறதா என்ற பார்வை. அவள் கண்டுகொள்ளவில்லை. "ஹோல்டான்! இப்ப போங்க! போலாம், ரைட்!" என்று சுவரைத் தட்டித் தட்டிக் கத்தினாள். அப்பா இடது காலைச் சுழற்றி ஓர் இழுப்பு இழுத்துத் திரும்பினார். திரை முழுக்கச் சிவப்பாக வெடித்தது. ஐந்துக்கு ஐந்து.

கடைக்குள் எழுந்த கூச்சலில் பக்கத்துச் சலூனிலிருந்து பாதி ஷேவிங்கோடு ஒருவர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். ஓட்டைப்பல்லன் ரிமோட்டை வீசிவிட்டு விரிப்பருகே வந்து நின்றான்.

"அங்கிள், அடுத்த ஆட்டத்துல நான் உங்க கட்சி."

"அதெல்லாம் ஆகாது. போய் வரிசையில நில்லு" என்றார் அப்பா. "முண்டியடிக்காதீங்கப்பா. எல்லாரையும் பிடிச்சிட்டுத்தான் போவேன்."

நாலு ஆட்டம் ஆடினார். நாலிலும் ஒருவனும் தப்பவில்லை. திரும்பும்போது தெருவின் நடுவில் நடந்தார். மருந்துக் கடைக்காரருக்கு அவர்தான் முதலில் கையை ஆட்டினார். சாயங்காலம் கால் வீங்கியது. அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அவர் மேலும் மகள் மேலும் மாறி மாறிச் சிடுசிடுத்தாள். ஆனால் அம்மாவுக்கே பாதியில் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நாள் கடைக்கு விடுமுறை. அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள், அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளேயிருந்து இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு இடது பாதத்தைச் செருப்புக்குள் நுழைத்தார். அது வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி நுழைத்தார்.

"என்னங்க, எங்க—" என்று எழுந்த அம்மாவின் கையை அவள் பிடித்து அழுத்தினாள்.

அப்பா காலரைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தார். யாரையும் கூப்பிடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கித் தெருவுக்குப் போனார்.