வெளுத்த ஓடு

ஆமை வெளுக்கிறதா, தன் கண்தான் வெளுக்கிறதா என்று சகாதேவனுக்குப் பிடிபடவில்லை. யாரிடமாவது கேட்டால் தெரிந்துவிடும். கேட்கத்தான் பயம்.

அது கீதாஞ்சலி அம்மாவின் ஆமை. வெளிநாட்டு இனம். வனத்துறையில் பதிந்து காகிதமெல்லாம் வாங்கி வைத்திருந்தார். சென்னை ஃப்ளாட்டில் வளர்ந்ததை, மகள் பிரசவத்துக்கு சிங்கப்பூர் போகும்போது மரக்காணத்துத் தோட்ட வீட்டில் கொண்டுவந்து விட்டார். அந்த வீட்டுக்கு சகாதேவன்தான் வாட்ச்மேன். ஆமைக்குப் பெயர் மணி. அடுப்புக்கரி மாதிரி கறுத்த ஓடு, கட்டத்துக்குக் கட்டம் நடுவில் மஞ்சள் திட்டு, காலில் சிவப்புச் செதில்.

“கீரை, பூசணி, செம்பருத்திப் பூ குடுங்க. காலைல கொஞ்சம் வெயில், அப்புறம் நிழல். டெய்லி தொட்டித் தண்ணில கொஞ்ச நேரம் உட்கார வைங்க. அவ்ளோதான் சகாதேவன்” என்றார்.

அவ்வளவையும் ஒன்று விடாமல் செய்தான். மோட்டாரைப் போட்டு, தோட்டத்து போர்வெல் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, பிள்ளையை இறக்குவதுபோல் இறக்குவான். அது கழுத்தை நீட்டிக் குடிக்கும். தூக்கிக் காயவிட்டால் நடக்கும். நடக்க நடக்க ஓடு சாம்பல் பூக்கும்.

இளவட்டக் காலத்திலிருந்து உப்பளத்தில் உப்பு வாரியவன் சகாதேவன். மேலே வெயில், கீழே பாத்தி முழுக்க அதே வெயில். கறுப்புக் கண்ணாடி போட்டால் உப்பும் தண்ணீரும் பிரிந்து தெரியாது என்று அங்கே ஒருத்தரும் போடமாட்டார்கள். கண் எரிந்தது, நீர் வடிந்தது, பிறகு எதைப் பார்த்தாலும் மேலே ஒரு வெள்ளைப் படலம். கண் முகாமில் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: “உள்ள வெந்துபோயிருக்கு. கண்ணாடியும் ஆபரேஷனும் இதுக்கு வேலைக்காவாது. இருக்கிற பார்வையைக் காப்பாத்திக்க. இனிமே உப்பு மேல நிக்காத.”

அதை அவன் மனைவி வைஜெயந்தியிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. முட்டிவலி என்று சொல்லித்தான் இந்த வேலைக்கு வந்தான். இதற்கு முன் இருந்த பெரியவர், மாமரத்தடியில் கிடந்த பாம்பைத் தோட்டத்துக் குழாய் என்று கையில் எடுக்கப் போனவர். அம்மா அவரை மறுநாளே மரியாதையாக அனுப்பிவைத்தார். “கண்ணு தெரியாதவர வெச்சி நான் எப்படிங்க வீட்டை விட்டுட்டுப் போறது?” என்று அம்மா கேட்டதில் தப்பும் இல்லை. இந்த நிழல் போனால் சகாதேவனுக்கு மறுபடி உப்பளம். உப்பளம் என்றால் மிச்சக் கண்ணும் போனது.

அதனால் தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொண்டான். தண்ணீர் டேங்க்கைப் பார்ப்பான், கறுப்பு. காக்காயைப் பார்ப்பான், கறுப்பு. சில நாள் காக்காயும் சாம்பலாகத் தெரியும். அன்றைக்குச் சோறு இறங்காது. அம்மா வீடியோ காலில் வருவது காலையில், ஆமை தொட்டியில் கிடக்கும் நேரம். நனைந்த ஓடு கன்னங்கரேல் என்று இருக்கும். “சூப்பரா இருக்கான்” என்பார். அப்படியென்றால் கெட்டது தன் கண்தான் என்று அவன் முடிவு கட்டினான். வாயைத் திறக்கவில்லை.

ஒரு மத்தியானம் வைஜெயந்தி உப்பளத்திலிருந்து நேராக வந்தாள். முழங்கால் வரை வெள்ளை காய்ந்திருந்தது. சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு ஆமையைப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

“இன்னாய்யா இது? சுண்ணாம்பு அடிச்சா மாதிரி வெளுத்துக் கெடக்குது!”

சகாதேவன் வெடுக்கென்று அவள் பக்கம் திரும்பினான். “வெளுத்தா இருக்குது? உனக்கும் தெரியுதா?”

“பின்ன எனக்கின்னா கண்ணு பொட்டையா?”

அவன் சிரித்தேவிட்டான். அப்படியென்றால் கண் மேலும் கெடவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொன்று உறைத்தது. அப்படியானால் ஆமைக்குத்தான் என்னமோ. இத்தனை நாள் பார்த்துக்கொண்டே விட்டிருக்கிறான்.

“சிரிக்கிற! செத்துகித்துப் போனா அந்தம்மாவுக்கு இன்னா பதில் சொல்லுவ? வனத்துறை வேற இருக்குதுன்ற.”

“இப்ப இன்னாடி பண்றது?”

“நம்ம காலு வெடிச்சா இன்னா பண்றோம்? எண்ணெ போடுவோம்” என்றாள். பாத்தியில் இறங்கும் முன் காலுக்குத் தேய்ப்பதற்காக இடுப்பில் செருகியிருந்த நல்லெண்ணெய்க் குப்பியை எடுத்தாள். இருவருமாகத் தேய்த்தார்கள். ஓடு சாமி சிலை மாதிரி மின்னியது. “பாத்தியா!” என்றாள்.

அந்த மினுமினுப்பு ரெண்டு நாள்கூடத் தாங்கவில்லை. மண்ணும் சருகும் அப்பிக்கொண்டன. எறும்பு மொய்த்தது. எண்ணெய்க்கு அடியில் வெள்ளை அப்படியே இருந்தது. ஆமை பூசணியை முகர்ந்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மறுநாள் பூவையும் தொடவில்லை. சகாதேவன் குத்துக்காலிட்டு அதன் எதிரே உட்கார்ந்து, “தின்னுடா, தின்னுத் தொலைடா” என்று கெஞ்சினான்.

“போன் போடுய்யா” என்றாள் வைஜெயந்தி. “நீ போடறியா, நான் போடட்டா?”

போட்டான். கீதாஞ்சலி அம்மா கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சென்னையிலிருந்த மிருக டாக்டரையும் அதே அழைப்பில் சேர்த்தார். டாக்டர் சின்ன வயசுக்காரர்.

“ஓட்டை மோந்து பாருங்க. நாத்தம் இருக்கா? குழி, மெதுமெதுன்னு எங்கயாவது?”

“இல்லிங்க சார்.”

“கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல கோடு மட்டும் வெளுப்பா, ஓடு முழுக்கவா? ஏன்னா வளர்ற ஓட்டுல கோடு வெளுப்பாத்தான் வரும், அது பரவால்ல.”

“முழுக்கங்க” என்றாள் வைஜெயந்தி பின்னாலிருந்து.

“நனைஞ்சா மறைஞ்சி, காஞ்சா திரும்ப வருதா?”

“ஆமாங்க சார்!”

“ஏங்க, வெயில், தீனி, வயசு, எல்லாமே ஓட்டு நிறத்தை மாத்தும். ஆனா இது தண்ணி மாதிரி இருக்கு. எந்தத் தண்ணில ஊற வைக்கிறீங்க?”

“தோட்டத்து போர் தாங்க.”

“உப்பா இருக்குமா?”

சகாதேவனும் வைஜெயந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உப்பா என்று கேட்டால்? இங்கே எந்தத் தண்ணீர் உப்பில்லாமல் இருக்கிறது? அவர்கள் குளிப்பதும் அதில்தான். அவள் காலில், அவன் புருவத்தில், துவைத்த வேட்டியில், எல்லாவற்றிலும் காய்ந்த வெள்ளை. அதை ஒரு நிறமென்று யாரும் பார்த்ததே இல்லை.

“எங்க மேலயும் அப்படித்தாங்க பூக்கும்” என்றாள் வைஜெயந்தி. “அதான் தோணல.”

“அது ஊறும்போது அதையே குடிக்குதும்மா. எண்ணெ வேற ஓட்டை மூடி வெச்சிருக்கு. இனிமே கேன் தண்ணி மட்டும். மெல்லிசு பிரஷ்ல தினமும் தேய்ச்சி விடுங்க. ரெண்டு நாள்ல தின்னலன்னா தூக்கிட்டு வந்துடுங்க.”

அம்மா கடைசியாகக் கேட்டார். “வெளுக்குதுன்னு மொதல்லயே ஏன் சகாதேவன் சொல்லல?”

கண்ணைப் பற்றிய உண்மை நாக்கு நுனிவரை வந்தது. “கவனிக்கலம்மா” என்றான்.

கேன் தண்ணீர் வந்தது. குழந்தைகளுக்கான பல் பிரஷ் வாங்கினான். கட்டம் கட்டமாகத் தேய்த்தான். தேய்க்கும்போதெல்லாம் அதன் தலை வெளியே வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு காலையில் அது செம்பருத்தியைக் கவ்வி இழுத்தபோது, இதழ் கிழிகிற சத்தம்கூடக் கேட்டது. பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

தேய்ப்பை மட்டும் அவன் நிறுத்தவில்லை. அன்றைக்கு மத்தியானமும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“போதும், உட்றா சாமி” என்றாள் தூக்கோடு வந்த வைஜெயந்தி. “ஓடே தேஞ்சிடப் போவுது.”

“இன்னும் கொஞ்சம் வெள்ளை இருக்குது.”

“எங்க?”

“இந்தா, இங்க. முதுகு மேல.”

அவள் ஆமையைத் தூக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காய்ந்த ஓடுதான். நகத்தால் சுரண்டினாள். “ஒண்ணுமில்லய்யா. அண்டங்காக்கா மாதிரி இருக்குது.”

அவன் டேங்க்கைப் பார்த்தான். சாம்பல். நரைக்காத அவள் கூந்தலைப் பார்த்தான். அதுவும் சாம்பல். அப்போது, வழக்கமில்லாத அந்த நேரத்தில், போன் அடித்தது. வீடியோ. சகாதேவன் ஆமையை வாங்கி நேராகப் பிடித்தான்.

“ஐயோ, கலரே திரும்பி வந்துடுச்சே!” என்றார் கீதாஞ்சலி அம்மா. “எப்படி மின்னுது பாருங்க. பாத்தீங்களா சகாதேவன்?”

“பாக்கறேம்மா. நல்லாத் தெரியுது.”

போன் வைக்கிறவரை வைஜெயந்தி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்ததும், வெள்ளை காய்ந்த தன் கையை அவன் கண்ணுக்கு முன்னால் நீட்டி, விரல்களை மடக்கினாள்.

“எத்தினின்னு சொல்லு” என்றாள்.