வெறும் உரல்

அடுப்படியில் நாத்தனார் அந்தத் தம்ளரைக் கழுவப் போட எடுத்தாள். மருந்தக்கா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைக் கழுவாதே. அப்படியே வை."

தம்ளரில் பாதி இருந்தது. காலையில் அவள் புருஷன் குடித்தது போக மிச்சம். அவரை எடுத்துக்கொண்டு ஆண்கள் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கூடத்தில் பெண்கள் அழுது ஓய்ந்து, மெல்லப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"இதைப் பொத்தி வச்சு என்ன பண்ணப் போறீங்க அண்ணி?" நாத்தனாரின் கண்கள் வீங்கியிருந்தன. "இன்னைக்குக் காய்ச்சின மருந்தை ஆரம்பத்துலயே காய்ச்சியிருந்தா எங்கண்ணன் இந்நேரம் பஞ்சர் கடையில உக்காந்திருப்பாரு. தெருவுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுத்தீங்களே. அவருக்குக் குடுக்க மனசு வரலையா?"

அதற்கு மருந்தக்காவிடம் பதில் இருந்தது. பலரிடம் சொல்லி அலுத்துப்போன பதில்.

இருமல், வயிற்றுக் கடுப்பு, பிள்ளை பெற்ற உடம்பு என்று எது வந்தாலும் தெரு அவள் வாசலில்தான் வந்து நிற்கும். இடித்துக் கொடுப்பது புருஷனின் வேலை. லாரி அச்சு ஒன்றை அறுத்து அவரே செய்த இரும்பு உலக்கை, அதற்குத் தோதாக ஒரு இரும்பு உரல். கடையை மூடிவிட்டு வந்து, கை காலைக் கழுவிக்கொண்டு, வேரும் பட்டையும் இடிக்க உட்காருவார். "நான் டயருக்கு ஒட்டுப் போடறேன், இவ மனுஷனுக்கு ஒட்டுப் போடறா. இவளுக்குத்தான் கிராக்கி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக் கை நீட்டுகிறவர்களுக்கு மருந்தக்கா ஒரு துண்டு கற்கண்டு வைப்பாள். சுளிக்காதவர்களுக்குக் கிடையாது.

ஒருநாள் அவருடைய காலை அவள் அமுக்கிவிட்டபோது விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. இது தன் இலைக்கு அடங்குகிற விஷயம் இல்லை என்று மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். அவள் தொழிலைக் கேள்விப்பட்ட டாக்டர், "என்ன பச்சிலையைக் குடுத்துக் கெடுத்தீங்க?" என்று எரிந்து விழுந்தார். ஒன்றுமே கொடுக்கவில்லை என்றதை அவர் நம்பவில்லை. தெருவோ, ஏன் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று கேட்டது. கெட்ட சிறுநீரகத்துக்கு வேரும் பட்டையும் ஆகாது என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

கடைசியில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இன்று காலை அவர் கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "இந்தாம்மா, மாத்திரை தின்னு நாக்கே செத்துப்போச்சு. உன் கையால ஏதாவது காய்ச்சிக் குடேன்."

மருந்து விஷயத்தில் அவள் யாரையும் ஏமாற்றியது கிடையாது. ஒரு பொட்டு வேர்கூட அந்த உடம்புக்குள் போகக்கூடாது என்பதும் தெரியும். ஆனால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுப்படிக்குப் போய், அவர் காதில் விழட்டும் என்று, வெறும் உரலில் உலக்கையைப் போட்டு இடித்தாள். மருந்துச் சட்டியில் தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து ஆற்றிக்கொண்டு வந்தாள். நாத்தனார்தான் அவர் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

பாதி குடித்ததும் முகத்தைச் சுளித்தார். "கசக்குது" என்று கையை நீட்டினார். கற்கண்டை அந்தக் கையில் வைத்து, அவளே வாயில் போட்டுவிட்டாள். அது கரைகிறவரைக்கும் அவர் இருந்தார் என்றுதான் அவள் நினைக்கிறாள்.

"அது மருந்து இல்லம்மா" என்றாள் இப்போது. "வெந்நீர்."

நாத்தனார் அவளையே பார்த்தாள். பிறகு தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "இடிச்சீங்களே அண்ணி. எனக்கே கேட்டுச்சே."

"வெறும் உரலைத்தான் இடிச்சேன். இப்படி." மருந்தக்கா உலக்கையைத் தூக்கி ஒரு தடவை போட்டுக் காட்டினாள்.

ணங்கென்று வீடு முழுக்கக் கேட்டது. கூடத்தில் பேச்சு நின்றது.

அவள் கை உலக்கையிலேயே நின்றுவிட்டது. வேர் கிடக்கும் உரல் இப்படி ஒலிக்காது. தொம் தொம்மென்று அடங்கித்தான் விழும். வருஷக்கணக்காக இடித்தவருக்கு அது தெரியாதா? கட்டிலில் படுத்தபடியே தெரிந்திருக்கும், அவள் தண்ணீரை அடுப்பில் வைக்கும் முன்பே.

"அப்போ அண்ணனுக்கு…" நாத்தனார் முடிக்கவில்லை.

"தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் கையை நீட்டியிருக்கார்."

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. சுவரில் சாய்ந்து, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள்.

கூடத்தில் பால்காரம்மா குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "கேட்டீங்களா சத்தத்தை? கண்ணுத் தண்ணி காயல, அதுக்குள்ள இடிக்க உக்காந்துட்டா. கட்டின புருஷனுக்கு ஒரு வாய் காய்ச்சிக் குடுக்க முடியல."

நாத்தனார் தம்ளரோடு போய்க் கதவருகில் நின்றாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று மருந்தக்கா பின்னாலேயே போனாள்.

"குடுக்கலன்னு யார் சொன்னா?" என்றாள் நாத்தனார். "நான்தான் அவர் தலையைப் பிடிச்சிருந்தேன். இதோ, மிச்சம்."

எல்லோரும் பார்க்க மீதியை ஒரே மடக்கில் குடித்தாள். கண்ணை இறுக்கி மூடி, முகத்தைச் சுளித்து, தோளை ஒரு உதறு உதறினாள்.

"என்ன கசப்பு அண்ணி."

திரும்பிப் பார்க்காமலேயே உள்ளங்கையைப் பின்பக்கமாக நீட்டினாள்.

மருந்தக்கா உள்ளே திரும்பிப் போனாள். அடுப்படி அலமாரியில் கற்கண்டு டப்பா காலையிலிருந்து திறந்தே கிடந்தது. எறும்பு ஏறியிருந்தது. ஒரு துண்டை எடுத்து ஊதிவிட்டு, கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தாள்.